நான்காம் நம்பர் பஸ்ஸும் இரண்டு ஐந்து மார்க் கேள்விகளும்

1. கூப்பிட்டார்கள்

ஏப்ரல் மாத மத்தியானம். ஸ்டாஃப் ரூமில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷன் ஆண்டுத் தேர்வு அறிவியல் பண்டிலைத் திருத்தி, டோட்டல் போட்டு, கட்டி, ஆபீசில் ஒப்படைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதத்தில் ஒரு வாய்கூட வைக்கவில்லை, ஆயாம்மா வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், கரஸ்பாண்டென்ட் ஐயா உங்கள வரச் சொன்னாருங்க. பிரின்சிபால் மேடமும் உள்ளதான் இருக்காங்க."

"சாப்பிட்டுட்டு வாரேன்னு சொல்லுங்க."

"இல்லீங்க மிஸ், உடனே வரச் சொன்னாருங்க. மொகம் ஒரு மாதிரி இருக்குதுங்க."

டிபன் பாக்ஸை மூடினேன். தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதிதாக வேலைக்குச் சேரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே சம்பளம் உயரும்போது யாரும் உடனே கூப்பிட மாட்டார்கள்.

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சோமனூர் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாமலே அந்தப் பக்கத்தில் நாலு பள்ளிக்காரர்களுக்கு 'நம்மைத்தான் சொல்கிறாள் இந்த ஃபிலோமினா' என்று சந்தேகம் வரும். வரட்டும்.

கரஸ்பாண்டென்ட் தோட்டத்தில் ஆரம்பித்து, நூல் மில் வைத்து, பிறகு பள்ளிக்கூடம் கட்டிய குடும்பத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் 'ங்க' போட்டுக்கொண்டே ஒரு மனுஷியை வேலையை விட்டுத் தூக்கிவிட முடியும். கேட்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வரத் தோன்றும்.

"உக்காருங்க மிஸ். சாப்டீங்களா?"

"இப்பத்தானுங்க சார் ஆரம்பிச்சேன்."

"அடடா. சித்த நேரந்தானுங்க." ஒரு விடைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "இது என்னங்க?"

"ஆன்சர் பேப்பருங்க சார்."

"அது தெரியுதுங்க. உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சீங்களா?"

"படிக்காம எப்படிங்க சார் மார்க் போடுவேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "படிச்சுட்டுமா மிஸ் இதுக்கு அஞ்சும் நாலும் போட்டீங்க?"

பவித்ராவின் பேப்பர். சூப்பர் செக் என்று மேடம் நாலைந்து பேப்பரை உருவிப் பார்ப்பது வழக்கம். அதில் இது மாட்டியிருக்கிறது. பவித்ரா நடுத்தரமாகப் படிக்கும் பெண். பாஸ் மார்க்குக்குச் சற்று மேலே நின்றிருந்தாள். அவர்கள் விரல் வைத்திருந்த இரண்டு பதில்களையும் அடித்தால் அவள் ஃபெயில். ஒன்பதாவதில் ஃபெயில் என்றால் எங்கள் பள்ளியில் இன்னொரு வாய்ப்பெல்லாம் கிடையாது. பத்தாவது ரிசல்ட் நூறு சதவீதம் என்று ஃபிளெக்ஸ் வைக்க வேண்டுமே, அதனால் ஒன்பதாவதிலேயே வடிகட்டி, ஃபெயில் என்று எழுதிய டிசியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு வேறு எங்கே போனாலும் மறுபடியும் ஒன்பதாவதுதான்.

2. கேள்வியும் பதிலும்

வெளியாட்களுக்குப் புரிய எங்கள் தொழில்முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அரையாண்டுக்குள் ஓட்டி முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவது எங்கள் பள்ளியின் பழக்கம். ஒன்பதாவது ஆண்டுத் தேர்வும் அந்தப் பாடத்திலிருந்துதான் வரும். பாடம் நடத்துவது என்றால் கொஸ்டின் பேங்க் மனப்பாடம் செய்ய வைப்பது. ஒவ்வொரு கேள்விக்கும் இத்தனை பாயின்ட், இந்த வரிசை, இந்த வார்த்தை. வரிசை மாறினால் அரை மார்க் போய்விடும். 'புதைபடிவ எரிபொருள்களைச் சேமிக்கும் வழிகள் யாவை?' என்று கேட்டால் பண்டில் முழுக்க ஒரே பதில் வரும். முதல் பாயின்ட் எல்லோருக்கும் ஒன்றே: 'குறைந்த தூரத்திற்கு மிதிவண்டியைப் பயன்படுத்த வேண்டும்.'

இதை எழுதும் பிள்ளைகள் ஒருவர்கூட எங்கள் பள்ளிக்கு சைக்கிளில் வர முடியாது. சைக்கிள் ஸ்டாண்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் பஸ் ஷெட் போட்டாயிற்று. ஸ்கூல் பஸ் கட்டாயம். வருடா வருடம் இந்த வரிக்கு டிக் போட்டு டிக் போட்டு எனக்கே வெறுத்துப்போனது.

அந்த வருடம் கேள்வித்தாள் தயாரிக்கும் முறை எனக்கு வந்தது. கேள்வியின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'நீ அன்றாடம் பார்ப்பவற்றிலிருந்து எடுத்துக்காட்டுத் தருக.' விசை பற்றிய கேள்வியிலும் அதே வரியைப் போட்டேன். 'சமன் செய்யப்பட்ட விசை, சமன் செய்யப்படாத விசை இவற்றை வேறுபடுத்துக. நீ அன்றாடம் பார்ப்பவற்றிலிருந்து எடுத்துக்காட்டுத் தருக.' இரண்டும் ஐந்து மார்க் கேள்விகள். கேள்வித்தாளை மேடம் பார்த்து, கரஸ்பாண்டென்ட் கையெழுத்துப் போட்டு அச்சுக்குப் போனது. அந்த வரியை இருவருமே படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பண்டிலில் மற்ற எல்லோரும் பழைய பதிலையே எழுதியிருந்தார்கள். எடுத்துக்காட்டுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டி நடந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

பவித்ரா மட்டும் கேட்டதற்குப் பதில் எழுதியிருந்தாள். அவள் எழுதியதை நினைவிலிருந்து அப்படியே தருகிறேன்.

'நான் நான்காம் நம்பர் பேருந்தில் வருகிறேன். என் வீட்டிலிருந்து பள்ளி நடந்துபோகிற தூரம்தான். ஆனால் பேருந்து எல்லா ஊரும் சுற்றி வருகிறது. என்னைப் போன்றவர்களைச் சைக்கிளில் வர அனுமதித்தால் டீசல் மிச்சமாகும். மாலையில் பள்ளி விடும் முன்பே பேருந்தை ஸ்டார்ட் செய்து நிறுத்திவைக்கிறார்கள். என்ஜினை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று டிரைவர் அண்ணன் சொல்கிறார். பேட்டரி மாற்றினால் என்ஜினை அணைக்கலாம். அதனாலும் டீசல் மிச்சமாகும். புகையும் வராது.'

ஐந்துக்கு ஐந்து போட்டேன். சிவப்பு மையில் 'நன்று' என்றும் எழுதினேன்.

விசைக்கு எழுதியது இது: 'பேருந்து ஸ்டார்ட் ஆகாதபோது நாங்கள் இறங்கித் தள்ளுவோம். பெண்கள் மட்டும் தள்ளும்போது நகராது. அப்போதும் நாங்கள் விசை கொடுக்கிறோம், ஆனால் உராய்வு விசை அதற்குச் சமமாக இருக்கிறது. இது சமன் செய்யப்பட்ட விசை. பத்தாம் வகுப்பு அண்ணன்களும் சேர்ந்து தள்ளினால் நகரும். இது சமன் செய்யப்படாத விசை. நகர ஆரம்பித்த பிறகு தள்ளுவது சுலபம். ஸ்டார்ட் ஆனதும் பேருந்து சட்டென்று முன்னால் போகும். அப்படிப் போனபோது ரம்யா கீழே விழுந்து முட்டி பேர்ந்துவிட்டது. இது நிலைமம்.'

கடைசி வரி தவறு. ரம்யா விழுந்தது, சாய்ந்து தள்ளிய பஸ் விலகித் தாங்கல் போனதால்; நிலைமத்தால் இல்லை. அதற்கு ஒரு மார்க் குறைத்து நாலு போட்டேன். நான் ஒன்றும் வாரி வழங்குகிற ஆள் இல்லை.

3. எல்லோரும் பார்த்தது

பிள்ளைகள் பஸ் தள்ளுவது ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டுக்கு வெளியே, பட்டப்பகலில், எதிரே இருக்கும் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு பத்துப் பேர் பார்க்க நடக்கும். டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கண்ணுகளா, கொஞ்சம் எறங்கி ஒரு கை போடுங்க" என்பார். பாவம், அவரும் நல்ல மனிதர்தான். புத்தகப் பையை சீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் இறங்கும். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, கழுத்தில் ஐடி கார்டு. பஸ் பின்னால் பெரிய எழுத்தில் பள்ளியின் பெயரும் அதற்குக் கீழே 'பாதுகாப்பான பயணம்' என்ற வாசகமும் இருக்கும். அந்த வாசகத்தின் மேல்தான் கை வைத்துத் தள்ளுவார்கள்.

நான் டவுன் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருப்பேன். ஒரு நாள் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"செல்ஃப் மோட்டார் கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க மிஸ். லீவுல பாத்துக்கலாமுங்க."

காலாண்டு லீவும் போனது, அரையாண்டு லீவும் போனது. மேடத்திடம் சொன்னேன். "பசங்களுக்கும் எக்சர்சைஸ் ஆச்சுல்ல மிஸ்" என்று சிரித்தார். ரம்யா விழுந்த அன்று மறுபடியும் போனேன். முட்டிக்கு மருந்து போட்டாயிற்று, பெற்றோரிடம் பேசியாயிற்று, விடுங்கள் என்றார்கள். பெற்றோர் சங்கக் கூட்டத்தில்கூட யாரோ கேட்டார்கள், யாரோ மழுப்பினார்கள். ஊரே பார்த்தது, ஊரே பேசியது, பள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு பெண் அதைப் பரீட்சைப் பேப்பரில் மையால் எழுதியதும் ஆபீஸ் ரூம் நடுங்கிவிட்டது.

4. அடிக்கச் சொன்னார்கள்

"இந்த ரெண்டையும் அடிச்சுப்போட்டு ஜீரோ போட்டுருங்க மிஸ்" என்றார் கரஸ்பாண்டென்ட். டீ ஒன்று சொல்லுங்கள் என்கிற குரலில் சொன்னார்.

"எதுக்குங்க சார்?"

"அவ எழுதுனது அவுட் ஆஃப் சிலபஸ்ங்க."

"விசை முதல் பாடத்துலயே இருக்குதுங்க சார். எரிபொருளும் புக்ல இருக்குது."

"பஸ்ஸு இருக்குதுங்களா?"

"எடுத்துக்காட்டு கேட்டா அவ பாத்தத எழுதியிருக்கா. கேள்வியே அதானுங்க."

மேடம் அப்போதுதான் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இந்த லைனை ஏன் மிஸ் போட்டீங்க? ஒம்பதாவதுக்கு யாராச்சும் கிரியேட்டிவ் கொஸ்டின் கேப்பாங்களா?"

"நீங்க பாத்துட்டுத்தான மேடம் அனுப்புனீங்க?"

கரஸ்பாண்டென்ட் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பாருங்க மிஸ். நான் வெளிப்படையாவே சொல்லிப்போடறேன். இந்தப் பேப்பரு நம்ம ஊட்டுக்குள்ள இருக்குது, பரவால்ல. அடுத்த வருசம் இவ பத்தாவது. பப்ளிக் எக்ஸாம் பேப்பரு வெளிய போகுமுங்க. எங்கியோ ஒரு கேம்ப்புல எவனோ ஒருத்தன் ஒக்காந்து திருத்துவான். அங்க போயி இவ ஸ்கூலு பஸ்ஸு, பேட்டரி, முட்டி பேந்துதுன்னு எழுதுனா? எவனாச்சும் போட்டோ புடிச்சு வாட்சப்புல போட்டா? நம்ம மானம் என்னங்க ஆகும்?"

அவருக்கு என்ன பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை பஸ்ஸுக்கு அடியில் விழுந்துவிடுமோ என்ற பயம் இல்லை. பிள்ளை எழுதிவிடுமே என்ற பயம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொதுவாக ஈஸ்டர் முடிந்த வாரத்தில் கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விரதம் வைத்திருப்பேன். அது அந்த அறையிலேயே முடிந்தது.

"சார், பேட்டரி மாத்துனா அவ எழுதறதுக்கு ஒண்ணுமே இருக்காதுங்களே."

"அத நான் பாத்துக்கறேனுங்க. நீங்க மார்க்கப் பாருங்க."

"சரிங்க சார். பாக்கறேன்."

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். மேடம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

எங்கள் பள்ளியில் ஒரு ரூல் உண்டு. டோட்டல் போட்ட பிறகு மார்க்கை மாற்றினால், பழைய மார்க்கை அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதி, திருத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும். சில வருடம் முன்பு ஒரு பெற்றோர் மார்க் சண்டைக்கு வந்தபோது கரஸ்பாண்டென்டே கொண்டுவந்த ரூல் அது. எங்களை எல்லாம் நிற்க வைத்து வாசித்துக் காட்டினார்.

"காரணம் என்ன எழுதட்டுங்க சார்?"

"என்ன காரணமுங்க?"

"நீங்க போட்ட ரூல்தானுங்க. 'மாணவி எழுதியது பொய், பஸ் நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதட்டுங்களா? இல்ல, 'எழுதியது உண்மை, ஆனால் பள்ளிக்கு ஆகாது'ன்னு எழுதட்டுங்களா? எது சொன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். பேப்பரு ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்."

அவர் என்னையே பார்த்தார். நான் பேனாவைப் பேப்பர்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பயம் இருந்தது, பொய் சொல்வானேன். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. அதற்கு முன்பே 'நாளையிலிருந்து வர வேண்டாமுங்க' என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும்.

"வேற டீச்சர வெச்சுத் திருத்திக்கலாமே" என்று மேடம் மெதுவாகச் சொன்னார்.

"திருத்திக்கங்க மேடம். அவங்களும் காரணம் எழுதித்தான கையெழுத்துப் போடணும்?"

கரஸ்பாண்டென்ட் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தப் புள்ளையோட ஊட்டுல இருந்து யாரையாச்சும் வரச் சொல்லுங்க" என்றார் மேடத்திடம். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க போயிச் சாப்புடுங்க மிஸ்" என்றார்.

எலுமிச்சைச் சாதம் காய்ந்து கட்டியாகியிருந்தது. தூக்கி எறிந்தேன்.

5. மரகதம் கேட்டது

மறுநாள் காலை பவித்ராவின் அம்மா மரகதம் வந்தார். புருஷன், பெண்சாதி இருவருமே கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பின்னால் பவித்ரா, கலர் டிரஸ்ஸில், ஏதோ திருடிவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். திருத்திய டீச்சர் பக்கத்தில் இருந்தால் பேச்சு எடுபடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

"உக்காருங்க அம்மணி" என்றார் கரஸ்பாண்டென்ட்.

மரகதம் உட்காரவில்லை. "என்னுங்க ஐயா தப்புப் பண்ணிப்போட்டா? ஃபோன்ல மேடம் சொன்னதுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலீங்க."

"சயின்ஸ்ல ஃபெயிலுங்க அம்மணி. டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல்ல ஒம்பதாவதே சேத்துக்குங்க. புள்ளைக்கும் அதுதான் நல்லது."

"ஐயோ சாமி!" மரகதம் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "ஃபெயிலுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க ஐயா. இவங்கப்பன் எப்ப எப்பன்னு ஒக்காந்திருக்காருங்க. ஃபெயிலுன்னு கேட்டா படிச்சது போதும்னு நாளைக்கே தறிக் குடோனுக்குக் கூட்டிட்டுப் போயி நூல் தார் சுத்த உட்டுருவாருங்க. ஏண்டி, படிக்கிறதத் தவிர உனக்கு என்னடி சோலி?" பவித்ராவின் முதுகில் ஒன்று வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ ஃபெயில் இல்லீங்கம்மா. நான்தான் திருத்துனேன். பாஸ்."

மேடம் என்னை முறைத்தார். மரகதத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்ப எதுக்குங்க டீச்சரம்மா டிசி?"

நான் கரஸ்பாண்டென்டைப் பார்த்தேன். அவர் வேறு வழியில்லாமல் சொன்னார். "உங்க புள்ள பேப்பர்ல ஸ்கூலப் பத்திக் கண்டதையும் எழுதியிருக்குதுங்க அம்மணி. பஸ்ஸத் தள்ளறோம், பேட்டரி இல்ல, சைக்கிளு உடறதில்லன்னு."

பவித்ரா முதல் தடவையாக நிமிர்ந்தாள். என்னிடம்தான் சொன்னாள், ரொம்ப மெல்ல. "கேள்வியில 'நீ பார்ப்பவற்றிலிருந்து'ன்னு போட்டிருந்துச்சுங்க மிஸ். அதான் எழுதுனேன்."

"ஆமா கண்ணு. நான்தான் போட்டேன்."

மரகதம் கூப்பிய கையை இறக்கினார். பிறகு கரஸ்பாண்டென்ட் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏனுங்க ஐயா, அவ எழுதுனது பொய்யுங்களா?"

"பொய்யின்னு நான் சொல்லலீங்க அம்மணி. ஆனா அதையெல்லாம் எழுதலாமுங்களா?"

அந்த மனிதருக்கு அதில் தப்பு இருப்பதாகவே படவில்லை. எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. மரகதமும் கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிசியக் குடுத்துருங்க ஐயா. பஸ்ஸுத் தள்ளறதுக்கு என்ற புள்ள இங்க வர வேண்டாமுங்க. ஆனா பாஸுன்னு எழுதிக் குடுங்க. டீச்சரம்மா பாஸுன்னு சொல்றாங்க."

கரஸ்பாண்டென்ட் மேஜைமேல் இருந்த பேப்பரைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். சிவப்புப் பேனா நினைவு வந்திருக்க வேண்டும். காரணம் எழுதிய ஜீரோ ஒன்று ஆபீசில் கிடப்பதைவிட, பாஸ் போட்ட பெண் ஊர் தாண்டிப் போவது அவருக்கு லாபம்.

"சரி, பாஸே போட்டுக் குடுத்துருங்க மேடம். தொல்லை உட்டாச் சரி."

அப்படித்தான் பவித்ரா பாஸானாள். படித்ததற்காக யாரும் பாஸ் போடவில்லை. துரத்துவதற்காகப் போட்டார்கள். டிசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க டீச்சரம்மா" என்றார். எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண்ணை வெளியே அனுப்பியிருக்கிறோம், அதற்கு அவள் அம்மா எங்களுக்கு நன்றி சொல்கிறார்.

6. அதற்குப் பிறகு

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான்காம் நம்பர் பஸ்ஸுக்குப் புது பேட்டரி வந்திருந்தது. செல்ஃப் மோட்டாரும் மாற்றியிருந்தார்கள். டிரைவர் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. பவித்ரா எழுதிய யோசனையை எடுத்துக்கொண்டார்கள், பவித்ராவை அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். "பாத்தீங்களா மிஸ், லீவுல பாத்துக்கலாம்னு சொன்னேனில்லீங்க!"

என்னிடமிருந்து கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை போனது. புதிதாகத் தயாரித்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் 'பாடநூலில் உள்ளபடி' என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தார். யார் சேர்க்கச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் முடிந்ததும் ஓய்வு பெற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். 'கண்டிப்பான ஆசிரியை' என்று பேசினார் கரஸ்பாண்டென்ட். பொன்னாடையை வீட்டில் மிக்சியை மூட வைத்திருக்கிறேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள், அதாவது இளம் டீச்சர்கள், என்னிடம் கேட்கிறார்கள். "மிஸ், மேனேஜ்மென்ட் மார்க்க மாத்தச் சொன்னா என்னங்க பண்றது?" நான் சொல்வது ஒன்றுதான். மாட்டேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பிடிப்பார்கள். காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பொய்க் காரணத்துக்குக் கையெழுத்துப் போட முதலாளிக்கும் பயம் உண்டு.

இதுவரை சொல்லி முடித்தால் நான் ஜெயித்த கதை மாதிரி இருக்கும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் வீணாகாமல் காப்பாற்றிவிட்டேன் என்று.

போன வருடம் பத்தாவது ரிசல்ட் வந்த வாரம், கருமத்தம்பட்டி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் மரகதத்தையும் பவித்ராவையும் பார்த்தேன். பவித்ரா நன்றாக வளர்ந்திருந்தாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்! நான் பாஸுங்க மிஸ். சயின்ஸ்ல தொண்ணூறுக்கு மேலீங்க. ஸ்கூல் செகண்டு!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கவர்மென்ட் பள்ளியில் சேர்த்த ஒரே வருடத்தில், பாஸ் மார்க்கில் நின்ற பெண்.

"அடி கண்ணு! எப்படிடி இவ்வளவு வாங்குனே?"

"புக்குல இருக்கறத மட்டும்தானுங்க மிஸ் எழுதுனேன்." என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகவே குரலைத் தாழ்த்தி, ரகசியம்போலச் சொன்னாள். "நான் பாத்தது ஒண்ணுகூட எழுதலீங்க. சத்தியமாங்க மிஸ்."

மரகதம் மகளின் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"இப்ப நல்லாப் புத்தி வந்துருச்சுங்க டீச்சரம்மா."